ஊரைப் பற்றி மட்டும்

ஷெஃபீல்ட், இங்கிலாந்து
21 டிசம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த ஊரில் நான் பார்ப்பதையும் கேட்பதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவேன் என்று முதல் கடிதத்திலேயே அறிவிக்கிறேன். பயணம் போனவர்கள் எழுதிய புத்தகங்களைப் பள்ளி நூலகத்தில் நிறையப் படித்திருக்கிறேன். பாதிப் பேர் கதை விடுகிறார்கள். நான் விட மாட்டேன்.

உங்கள் நிபந்தனையும் நினைவிருக்கிறது. விமான நிலையத்தில் என் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, "ஊரைப் பத்தி மட்டும் எழுது. அந்த வீட்டு ஆளுங்களைப் பத்தி ஒரு வரி வரக் கூடாது. போன்லயும் கூப்பிடாதே, காகிதத்துல எழுது" என்றீர்கள். அம்மா அப்போது உங்களைப் பார்த்த பார்வையையும் நான் பார்த்தேன். அது ஊரைப் பற்றியது இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

இந்த ஊரின் மக்கள்தொகை ஐந்தரை லட்சம் இருக்குமாம். அதில் உங்கள் தங்கை ஜெயலட்சுமி அத்தையும், அவர் கணவரும், மூன்று வயது முடியப் போகும் அவர்கள் மகள் உதயாவும் அடக்கம். மக்கள்தொகை பற்றி அவ்வளவுதான்.

ஊர் முழுக்க மேடும் பள்ளமும். நம் போர்ட் பிளேரில் ஷாதிபூரிலிருந்து அபர்தீன் பஜாருக்கு நடந்து பழகிய கால்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. மாலை நான்கு மணிக்கு இருட்டுகிறது என்று விமானத்தில் ஒருவர் பயமுறுத்தினார். நமக்கும் ஐந்து மணிக்கே இருட்டிவிடுமே, அதனால் நான் அசரவில்லை. என்னைத் திகைக்க வைத்தது காலைதான். எட்டு மணி வரை விடியவே இல்லை. நம் ஊரில் அதற்குள் வெயில் முதுகில் சுடும்.

இது எஃகு செய்த ஊர். ஒரு காலத்தில் இங்கே வெள்ளைத் துணியை வெளியில் காயப்போட முடியாதாம், கொடியில் கிடக்கும்போதே கறுத்துவிடுமாம். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, ஊரே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்ததாம். இப்போது எழுந்து நடக்கிறது. கத்தி, கரண்டி செய்த பட்டறைகளில் பாட்டுப் பதிவு செய்கிறார்கள். செங்கல் கட்டிடம் ஒன்றின் கீழே காபிக் கடை, மேலே யாரோ டிரம்ஸ் அடிக்கிறார்கள், ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. டிராமில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்மணி, "சம்மட்டிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்த பிள்ளைகள் வேறு எப்படிப் பாட்டுப் போடுவார்கள்?" என்றார். உலகப் புகழ் பெற்ற பாட்டுக்காரர்கள் என்று ஏழெட்டுப் பெயர்கள் சொன்னார். ஒன்றுகூட எனக்குத் தெரியாது என்றதும், சாப்பாடு கிடைக்காத பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்ப ஒருவர் உதவுகிறார். படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். படம் எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

உங்கள் மகள்,
கார்த்திகா


ஷாதிபூர், போர்ட் பிளேர்
23 டிசம்பர் 2024

அன்பு மகள் கார்த்திகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கு யாவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

நிற்க. உன் கடிதம் கிடைத்தது. கடைசியில் உன் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டைவிரல் இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு படம் எடுத்தால் அப்படித்தான் வரும். நகத்தைச் சதை வரைக்கும் கடித்த கட்டைவிரல். முப்பத்தாறு வயதிலும் நகம் கடிப்பவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். யாருடையது என்று நான் கேட்கவில்லை.

மர அறுவை மில்லில் எல்லோரும் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். சாத்தம் தீவுப் பாலத்தில் என்னை நிறுத்தி காத்தமுத்து, "க்யா ரவி பாய், பொண்ணு விலாயத் போயிடுச்சாமே! ரம்பம் செய்ற ஊராமே? வாயே ரம்பமாத் திரும்பி வரப் போவுது, பாத்துக்குங்க" என்றான். பக்கத்தில் இருந்த பெங்காலி ஆட்களுக்கு அதை ஹிந்தியில் விளக்கப் போய், ஒருவருக்கும் சிரிப்பு வராமல் அவன் மட்டும் சிரித்தான்.

ரம்பம் என்றதும் எழுதுகிறேன். என் செக்ஷனுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய வட்ட ரம்பத்தில் அந்த ஊரின் பெயர் அடித்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதன் மேல் டிபன் பாக்ஸ் வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். அது ஓர் ஊர், அங்கே மனிதர்கள் டிராமில் போகிறார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை. அந்த ஊர் என்றதால்தான் உன்னை அனுப்பச் சம்மதித்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. அம்மா வேறு மாதிரிச் சொன்னால் நம்பாதே.

ஊரைப் பற்றிச் சில சந்தேகங்கள். அங்கே புழுங்கலரிசி கிடைக்கிறதா? தீவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குளிரில் மூச்சிரைப்பு அதிகமாகுமா? சிறுவயதிலிருந்தே இழுப்பு உள்ளவர்கள் என்றால் எப்படிச் சமாளிக்கிறார்கள்? பொதுவாகக் கேட்கிறேன்.

காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொள்.

அப்பா,
ரவிச்சந்திரன்


ஷெஃபீல்ட்
26 டிசம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் சந்தேகங்களுக்குப் பதில். புழுங்கலரிசி கிடைக்கிறது; டிராமில் ஆறு நிறுத்தம் போக வேண்டும். மூச்சிரைப்பு பற்றிப் பொதுவாகச் சொன்னால், தீவில் பிறந்த ஒருவர் கோட்டுப் பையில் ஒன்று, கைப்பையில் ஒன்று, வேலை செய்யும் ஆஸ்பத்திரி அலமாரியில் ஒன்று என்று மருந்து வைத்திருக்கிறார். மேட்டில் ஏறும்போது நடுவில் நின்று, கடை ஜன்னலில் எதையோ பார்ப்பது போல நடிக்கிறார். கடை இல்லாத இடத்திலும் நிற்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே என்னைக் கெல்ஹாம் தீவுக்குக் கூட்டிப்போனார்கள். தீவு என்றதும் போட்டில் வாந்தி வராமலிருக்க மாத்திரை போட்டுக்கொண்டு தயாரானேன். இறங்கிக் கொஞ்சம் நடந்ததும், "போட் எங்கே?" என்று கேட்டேன். நான் நிற்பதே தீவின் மேல்தானாம். பழங்காலத்தில் ஆலைச் சக்கரத்தைச் சுற்றுவதற்கு ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டினார்கள். வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நிலத்துக்குத் தீவு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்பா, படகுத்துறை இல்லை. டிக்கெட்டுக்கு வரிசை இல்லை. கடல் கொந்தளிப்பு என்று போட்டை ரத்து செய்வதும் இல்லை. இது தீவு என்றால் சாத்தம் ஒரு கண்டம். காத்தமுத்து மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கும் நீராவி எந்திரத்தைப் பார்த்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்று மாடி உயரம். அதை ஓட்டிக் காட்டினார்கள். அது முன்னும் பின்னும் போகும்போது என் பல் ஆடியது. இரும்பு இவ்வளவு பெரிதாக இருந்தும், எண்ணெய் போட்டதால் ஒரு கிரீச் சத்தம் இல்லை, மூச்சு விடுவது போல ஒரு சத்தம் மட்டும். ரம்பங்களும் இருந்தன. உங்கள் டிபன் பாக்ஸ் ரம்பத்தில் கம்பெனிப் பெயர் தெரிந்தால் எழுதுங்கள், தேடுகிறேன்.

அடுத்தது அம்மா படிக்கக் கூடாதது. (படித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியும்.) நான் மதுக்கடைக்குள் போனேன். ஊருக்கு வெளியே மலைமேல் உள்ள கடை. அங்கே கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்லோரும் பீர் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு சாமிப் பாட்டு பாடுகிறார்கள். எல்லாம் இந்த வட்டாரத்துக்கே உரிய பாட்டுகள். அந்தக் காலத்தில் தேவாலயத்துக்காரர்கள் "இவ்வளவு கொண்டாட்டம் கூடாது" என்று வெளியே தள்ளிவிட்டதால், பாட்டுகள் மதுக்கடைக்கு வந்துவிட்டனவாம். ஒருவரும் மேடையில் இல்லை. மூன்று பேர் ஆரம்பித்தால் மொத்தக் கடையும் எழுந்து சேர்ந்துகொள்கிறது. என் எதிரில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். மீசையில் பீர் நுரை. பக்தி எங்கே முடிந்து போதை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று பேண்ட். ஓர் உருக்காலையில் உலையடியில் வேலை செய்தவர்கள் சேர்ந்து தொடங்கிய பித்தளை வாத்திய பேண்ட். ஆலையை இடித்து அந்த இடத்தில் கடைகள் கட்டிவிட்டார்கள். பேண்ட் மட்டும் இருக்கிறது. அதில் இருப்பதிலேயே பெரிய வாத்தியத்தை வாசிப்பவர் பகலில் டிராம் ஓட்டுகிறார். அவர் இந்த வீட்டில்தான் இருக்கிறார், அதனால் நிபந்தனையை ஓரமாக மீறுகிறேன். மார்ட்டின் மாமா என்று கூப்பிடுகிறேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மறுநாளே அவர் தன் வாத்தியப் பெட்டியின் மேல் "மாமா" என்று எழுதி ஒட்டிக்கொண்டார்.

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. உதயாவுக்குப் பிறந்ததிலிருந்து முடி வெட்டவே இல்லை. தோளைத் தாண்டித் தொங்குகிறது. குழந்தைகளுக்கு முடி வெட்டாதது இந்த ஊர் வழக்கமோ என்று பார்த்தேன். மற்ற குழந்தைகள் எல்லாம் வெட்டியிருக்கிறார்கள். தலைக்குக் குளிக்க வைத்தால் அவள் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார். "ஏன் வெட்டலை?" என்று கேட்டேன். "வெட்டணும்" என்று மட்டும் பதில் வந்தது.

கார்த்திகா


ஷாதிபூர்
28 டிசம்பர் 2024

அன்பு மகள் கார்த்திகாவுக்கு,

நிபந்தனையை ஓரமாக மீறுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஓரம் என்பது இவ்வளவு அகலமா?

மாமா என்று கூப்பிட உனக்கு யார் அனுமதி கொடுத்தது? உன் தாத்தா போன பிறகு நம் வீட்டில் பெரியவன் நான். கல்யாணம் முடிந்த மறுநாள் போனுக்கு ஒரு போட்டோ வருகிறது. கீழே, "அண்ணே, இவர் பேண்ட்ல வாசிக்கிறவர், நல்லவர்" என்று ஒரு வரி. ஐந்து வருஷமாகிறது. பேண்ட் வாசிக்கிறவர் என்றால் யார் என்று எனக்குத் தெரியாதா? கல்யாண ஊர்வலத்தில் முன்னால் போவார்கள். சாவு விழுந்தால் அங்கேயும் முன்னால் போவார்கள். ரெங்கம்மா சித்தியும் மற்ற சொந்தக்காரர்களும் கேட்டபோது நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாய்?

டிராம் ஓட்டுவது வேறு. அது அரசாங்க வேலை மாதிரி. அதைச் சொல்லியிருக்கலாம்.

நீ உண்மையாக எழுதுவேன் என்றாயே. அவர் சாவுக்கும் வாசிக்கிறாரா என்று கேட்டு எழுது. ஆம் இல்லை என்று ஒரு சொல் போதும்.

அந்தக் குழந்தைக்குக் காது குத்தியிருக்கிறதா? இது அந்த ஊர்ப் பழக்கவழக்கம் பற்றிய கேள்வி.

அப்பா


ஷெஃபீல்ட்
2 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

காது குத்தவில்லை. உங்கள் கேள்வியைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில். எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் இங்கே கம்பளிக் கோட்டும் டிராமுமாக இருக்கும்போது அது தோன்றவே இல்லை. அடுப்படியில் இருந்த அத்தையிடம் போய், "அப்பாவுக்காகவா உதயா முடியை வெட்டாம வச்சிருக்கீங்க?" என்று நேராகக் கேட்டேன். அத்தை வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"பின்ன, யாரோ ஒரு சேர்ல உக்கார வச்சு வெட்டவாடீ? அதுக்குன்னு ஒரு மடி இருக்குல்ல?"

"மூணு வயசு முடியுதே அத்தை."

"முடியட்டும். அஞ்சாம் வயசு வரும்."

அடுத்து உங்கள் இன்னொரு கேள்வியைக் கேட்டேன். அத்தை கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"டிராம் ஓட்டுறார்னு எழுது. அது போதும், பொய் ஒண்ணும் இல்லையே."

"ஆம் இல்லைன்னு பதில் கேட்டிருக்காங்க."

"அரே, உங்கப்பா கேட்டா நீ உடனே எழுதிடணுமா? எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன், கார்த்தி. கொஞ்சம் யோசி."

இரண்டு நாள் யோசித்தேன். பதில் ஆம். அவர் சாவுக்கு வாசிக்கிறார். நேற்று முன்தினம் வாசித்ததை என் கண்ணால் பார்த்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு சொல்லில் எழுதினால் அது உண்மையில் பாதிதான்.

இறந்தவர் எண்பது வயதுக்கு மேற்பட்டவர். உலையில் வேலை செய்தவர், இருபது வயது முதல் இந்த பேண்டில் வாசித்தவர். ஏதோ தூறிக்கொண்டிருந்தது, பனியாகவும் இல்லை, மழையாகவும் இல்லை. பேண்ட் முன்னால், கறுப்புக் கார் பின்னால், மேட்டில் மெதுவாக ஏறினார்கள். மார்ட்டின் மாமாவின் வாத்தியம் எவ்வளவு கனம் தெரியுமா? என்னால் தூக்க முடியவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு, ஊதிக்கொண்டு, மேடும் ஏறினார். வீட்டுக்குள் இருந்தவர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். எதிரே வந்த பஸ் ஓரமாக நின்றது. எங்கள் அருகில் ஒரு கடைக்காரர் கையில் இருந்த ரொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் மறைத்துக்கொண்டார். முடிந்தபோது மாமாவின் உதடு குளிரில் வெடித்து ரத்தம் வந்திருந்தது. காசு வாங்கவில்லை. "அவர் எங்க ஆளு" என்று மட்டும் சொன்னார்.

பிறகு எல்லோரும் இறந்தவர் வீட்டுக்குப் போனோம். அவர் மகள், கண்ணாடி அலமாரியில் வைத்திருந்த பூப்போட்ட பீங்கான் கோப்பைகளை எடுத்து முதலில் பேண்ட்காரர்களுக்கு டீ கொடுத்தார். பிறகுதான் சொந்தக்காரர்களுக்கு.

அப்பா, இதை எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் அறிவித்துவிட்டேனே. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது தாத்தா இறந்தார். பேண்ட் வாசித்தவர்கள் வெயிலில் வியர்த்துக் கொட்டி நம் வாசலில் நின்றார்கள். அம்மா எவர்சில்வர் டம்ளரில் டீ எடுத்துக்கொண்டு போனார். நீங்கள் அம்மாவைக் கூப்பிட்டு, பேப்பர் கப் வாங்கிவரச் சொன்னீர்கள். மற்ற எல்லோருக்கும் டம்ளர். எனக்கு அப்போது ஏன் என்று புரியவில்லை. நேற்று முன்தினம் அந்தப் பூப்போட்ட கோப்பையைப் பார்த்தபோது புரிந்தது. புரிந்திருக்க வேண்டாம் என்று இருந்தது.

உங்கள் மகள்,
கார்த்திகா


ஷெஃபீல்ட்
5 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் இல்லை. படம் சரியாகப் போகவில்லையோ என்று பார்த்தேன். அம்மா பார்த்துவிட்டதற்கு நீலக் குறி விழுந்திருக்கிறது.

"எழுதிட்டியா?" என்று அத்தை கேட்டார். ஆமாம் என்றேன். "எல்லாத்தையுமா?" ஆமாம் என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் சாப்பாட்டில் எனக்கு வைத்த மீன் துண்டு மற்றவர்களுடையதைவிடப் பெரியது. அதனால் எவ்வளவு கோபம் என்று கணக்கிட முடியவில்லை.

இப்போது அத்தை வேலைக்குப் போகும்போது போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். "எனக்கு எதுவும் வராது. உனக்கு ஏதாவது வந்தா வார்டு நம்பருக்குக் கூப்பிடு" என்கிறார்.

ஊரைப் பற்றி: ஆறு இருக்கிறது. ஒரு காலத்தில் கழிவு கலந்து செத்துப்போன ஆறாம். இப்போது மீன் வந்திருக்கிறது. பாலத்தில் நின்று வெகுநேரம் பார்த்தேன். மீன் எதுவும் தெரியவில்லை. ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார், எனவே இருக்கலாம்.

ஒன்பதாம் தேதி கிளம்புகிறேன். கோபம் என்றால் கோபம் என்றாவது எழுதுங்கள்.

கார்த்திகா


ஷாதிபூர்
6 ஜனவரி 2025

அன்பு மகள் கார்த்திகாவுக்கு,

கோபம்தான்.

உன் கடிதத்தை நான் ஒரு தடவை வாசித்தேன். உன் அம்மா நான்கு தடவை வாசித்தாள், சத்தமாக, நான் சாப்பிடும்போது. பேப்பர் கப் வரும் இடத்தில் நிறுத்தி, குழம்பு வேண்டுமா என்று கேட்டாள்.

அதைப் பற்றி நான் என்ன எழுதுவது? எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் நடந்தது. ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தபோது எதை எதையோ விட்டுவிட்டு வந்தார்கள், இதை விடவில்லை. இது நியாயம் என்று சொல்லவில்லை. இப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

நேற்று மில் வாசலில் காத்தமுத்துவிடம், தங்கச்சி பெண்ணுக்கு மூன்று வயது ஆகிறது, இன்னும் முடி இறக்கவில்லை என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவன், "அரே பாய், மடியைக் குடுக்காம ஊர்ல உக்காந்துக்கிட்டு இருக்கிறது யாரு?" என்று கேட்டுவிட்டு லாஞ்ச் படகைப் பிடிக்க ஓடிவிட்டான்.

ஆகவே இதைச் சொல். பங்குனி உத்திரத்துக்கு வெற்றிமலை முருகன் கோயிலில் முடி இறக்கலாம். காதும் அன்றே குத்தலாம். லீவுக்குச் சொல்லி வைக்கிறேன். குழந்தையையும் கூட்டிக்கொண்டு உன் அத்தை வரட்டும். மெயின்லேண்டில் இறங்கிக் களைப்பாறிவிட்டு வரச் சொல், இழுப்பு வந்துவிடும்.

மற்ற விஷயம் யோசிக்க வேண்டும்.

அப்பா


ஷெஃபீல்ட்
8 ஜனவரி 2025, பகல்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தையிடம் கொடுத்தேன். இந்த ஒன்றை மட்டும் படிக்கச் சொன்னேன். அத்தை நின்றபடியே படித்தார். "அத்தை" என்று நீங்கள் எழுதிய இடத்தை விரலால் தொட்டார், போன் திரை பெரிதாகிப் பிறகு சிறிதாகிவிட்டது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் சிவந்துவிட்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்கப்பாவுக்கு என் நம்பர் தெரியாதா? நான் என்ன மியூசியமா, உன்னை விட்டுப் பாத்துட்டு வரச் சொல்ல? அஞ்சு வருஷமா இந்தப் புள்ள தலையில பேன் பாத்து, சிக்கெடுத்து, வெட்டாம வச்சிருக்கேன். இப்ப 'உன் அத்தை வரட்டும்'னு உனக்கு லெட்டரு! மற்ற விஷயமாம், மற்ற விஷயம்! அந்த மற்ற விஷயம்தான் எனக்கு இழுப்பு வந்தா ராத்திரி முழுக்க முதுகைத் தேய்ச்சுவிடுது. எழுது. வந்தா மூணு பேரும் வருவோம். இல்லாட்டி யாரும் வர மாட்டோம். அதையும் அண்ணன் என்கிட்ட கேக்கணும், உன்கிட்ட இல்ல."

மூன்று வயதுக் குழந்தைக்கு ஐந்து வருஷமாகப் பேன் பார்க்க முடியாது என்று நான் சொல்லவில்லை. அதற்கான நேரம் அது இல்லை.

மார்ட்டின் மாமாவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் "மற்ற விஷயம்" தான்தான் என்று கண்டுபிடித்துவிட்டார். "நான் வராவிட்டால் எளிதாகிவிடும் என்றால் நான் இங்கேயே இருக்கிறேன், குழந்தைக்கு நடக்க வேண்டியது நடக்கட்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அத்தை அவரைத் தமிழிலேயே திட்டினார். அதில் இரண்டு சொற்களை என்னால் எழுத முடியாது.

இதை இத்துடன் நிறுத்திப் படம் எடுத்து அனுப்புகிறேன். இந்த முறை அத்தை முகத்தைத் திருப்பவில்லை.


அதே நாள், மாலை

அப்பா, இது அதே கடிதத்தின் மீதி. நீங்கள் என்ன பேசினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் என்ன நடந்தது என்பது தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

வெளியே நன்றாக இருட்டிவிட்டது. நான் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுப்படி மேசையில் போன் அடித்தது. அத்தை திரையைப் பார்த்தார். எடுக்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைப்பது போல ஜீன்ஸில் துடைத்தார், மறுபடி துடைத்தார். நின்றுவிடப் போகிறது என்று நான் பயந்த நேரத்தில் எடுத்தார்.

"ம்" என்றார். அவ்வளவுதான். பிறகு, "சாப்பிட்டேன். நீ?" என்றார்.

மாடிப்படியில் மார்ட்டின் மாமா உதயாவைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவளுக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் தன் விரலைத் தன் உதட்டில் வைத்துக் காட்டினார். உதடு இன்னும் ஆறவில்லை.

"கடலு நல்லா இருக்காண்ணே? ... இல்ல, சும்மா கேட்டேன். ... உதயாவா? உன்னை மாதிரியே பிடிவாதம்."

பிறகு வெகுநேரம் நீங்கள்தான் பேசினீர்கள். அத்தை மேசையில் கிடந்த ஒரு வெங்காயச் சருகைச் சின்னச் சின்னதாகக் கிழித்தார். அடுத்து அவர் பேசியபோது குரல் மாறியிருந்தது.

"வாசிக்கிறவர்தான், ஆமா. நாளைக்கும் எவனாவது செத்தா போவாரு. கோயில்ல பத்துப் பேரு முன்னாடி, 'மாப்பிள்ளை என்ன பண்றாரு'ன்னு ரெங்கம்மா சித்தி கேப்பாங்க. அப்ப நீ டிராம் ஓட்டுறார்னு மட்டும் சொல்லிட்டு நகந்துருவியா? அதைச் சொல்லு எனக்கு. இப்பவே சொல்லு."

அத்தை காத்திருந்தார். நானும் கையில் ஒரு காலுறையோடு காத்திருந்தேன்.

நீங்கள் என்ன சொன்னீர்களோ, எனக்குக் கேட்கவில்லை. அத்தை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "திரும்பச் சொல்லு" என்றார். நீங்கள் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். அத்தை படிக்கட்டுப் பக்கம் திரும்பி, மார்ட்டின் மாமாவைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். மூன்று டிக்கெட். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சரிண்ணே" என்றார் அத்தை. "சரிண்ணே. சரி. ... நான் ஒண்ணும் அழலை, சளி."

சளி இல்லை, அப்பா. ஆனால் நான் அதைச் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அத்தை எட்டி அடுப்படி விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் உட்கார்ந்து உங்களோடு பேசிக்கொண்டே இருந்தார். மார்ட்டின் மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் படிக்கட்டு விளக்கையும் அணைத்தார். நான் என் அறை விளக்கை அணைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, அதனால் எழுத முடியாது. விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்டிருந்தன.